கிலோமீட்டர் சுழியத்தைச் சுற்றி ஒரு வட்டம்

சோலோத்தூர்ன் மாநிலத்தை வரைபடத்தில் முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, எல்லைக்கோட்டை வரைந்தவர் பாதி வேலையில் எழுந்து போய்விட்டாரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆரே ஆற்றின் கரையில் தொடங்கி, யூரா மலைத்தொடரைத் தாண்டி வடக்கே கை நீட்டி, பிரெஞ்சு எல்லையருகே தனித் துண்டுகளாகவும் சிதறிக் கிடக்கும் அந்தச் சுவிஸ் மாநிலம், பேர்னும் பாசலும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதை வாங்கிச் சேர்த்த ஒரு சிறு நகர அரசின் வரலாற்றை இன்றும் தன் வடிவிலேயே காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கிழக்கு மூலையில், ஏறத்தாழ 80 சதுர கிலோமீட்டர் பரப்பில், பதினைந்தை ஒட்டிய ஊராட்சிகளைக் கொண்ட ஒரு சிறிய நிர்வாக வட்டம் இருக்கிறது. ஓல்டன் வட்டம் என்பது அதன் பெயர். நான் குடியிருப்பது அதற்குள்தான். ஆனால் இந்த வட்டத்தின் பெயரைச் சொல்லி எந்த அலுவலகத்திலும் எந்தப் படிவத்தையும் நான் நிரப்பியதில்லை என்பது, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

அதற்குக் காரணம் எளிது. சோலோத்தூர்ன் மாநிலத்தில் பத்து வட்டங்கள் உள்ளன. அவை இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு ஐந்து பெருவட்டங்கள் ஆகின்றன. மாநிலப் பேரவைக்கான தேர்தல் பெருவட்ட அளவில் நடக்கிறது; நீதிமன்றமும் பெருவட்டத்துக்கே உரியது. ஓல்டன் வட்டமும், ஆற்றுக்கு அப்பால் பெரும்பகுதியைக் கொண்ட கோஸ்கன் வட்டமும் சேர்ந்து ஓல்டன்-கோஸ்கன் பெருவட்டமாகின்றன. வரி விதிப்பதும், பள்ளி நடத்துவதும், குடியிருப்பாளரைப் பதிவு செய்வதும் ஊராட்சிகளின் வேலை. மேலே மாநிலம், கீழே ஊராட்சி என்று அதிகாரம் இரண்டு பக்கமும் வலுவாக இருக்கும் நாட்டில், நடுவில் நிற்கும் இந்தச் சிறு வட்டத்துக்குப் புள்ளிவிவர அட்டவணையில் ஒரு வரி என்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் ஓல்டன் என்ற பெயர் சுவிஸ் அரசியல் வரலாற்றில் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கிறது. அது வட்டத்தின் பெயராக வருவதில்லை, ரயில் நிலையத்தின் பெயராக வருகிறது. அலுவலகம் வரைந்த எல்லையும் தண்டவாளம் வரைந்த எல்லையும் இங்கே ஒருபோதும் ஒன்றோடொன்று பொருந்தியதில்லை. எனக்கு இந்த வட்டத்தில் ஆர்வமூட்டுவது அந்தப் பொருந்தாமைதான்.

ஓல்டன் நகரம் சுமார் 19,000 பேர் வாழும் ஊர். ஆரேயின் இடக்கரையில் பழைய நகரமும், வலக்கரையில் ரயில் நிலையமும் இருக்கின்றன. பழைய நகரத்தின் வாயிலில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி கட்டப்பட்ட கூரையிட்ட மரப்பாலம் இன்றும் நடப்பவர்களுக்குப் பயன்படுகிறது. அதற்கு முந்தைய பாலம் 1798இல், பிரெஞ்சுப் படைகள் நாட்டுக்குள் நுழைந்த காலத்தில் எரிந்துபோனது. ஊருக்கும் மாநிலத் தலைநகரான சோலோத்தூர்னுக்கும் இடையிலான உறவு என்றும் இனிமையானதாக இருந்ததில்லை. 1653ஆம் ஆண்டின் உழவர் எழுச்சியில் கிளர்ச்சியாளர் பக்கம் சாய்ந்ததற்காக ஓல்டன் தன் நகர உரிமைகளை இழந்தது. பிறகு 1830 டிசம்பரில் பால்ஸ்டால் என்ற ஊரில் கூடிய மக்கள் பேரணியில், தலைநகரின் பழங்குடும்பங்களது ஆட்சிக்கு எதிராக முன்னின்று பேசியவர் யோசெப் முன்சிங்கர் என்ற ஓல்டன்காரர். அவரே 1848இல் புதிய கூட்டாட்சியின் முதல் ஏழு அமைச்சர்களில் ஒருவராகி, 1850இல் நாட்டுக்கெல்லாம் பொதுவான பிராங்க் நாணயத்தை அறிமுகப்படுத்தும் பணியை ஏற்றார். ரயில் வருவதற்கு முன்பே இந்தச் சிற்றூருக்குத் தலைநகரோடு தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் கணக்கைத் தீர்த்துவைத்தது ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் அறிக்கை. கூட்டாட்சி உருவான இரண்டே ஆண்டுகளில், நாட்டுக்கான ரயில் வலையைத் திட்டமிட்டுத் தருமாறு சுவிஸ் அரசு ராபர்ட் ஸ்டீபன்சனை அழைத்தது. அவரும் ஹென்றி ஸ்வின்பர்னும் 1850இல் அளித்த அறிக்கையில், வடக்கே பாசலிலிருந்து வரும் பாதையும் கிழக்கு மேற்காக ஓடும் பாதையும் ஓல்டனில் சந்திப்பதாக இருந்தது. ஆரே ஆறு மலையடிவாரத்தை ஒட்டி வளைந்து செல்லும் இடத்தில், பாசலுக்குச் செல்லும் கணவாய்க்கு நேர் தெற்கே ஊர் அமைந்திருந்ததால், வரைபடத்தைப் பார்த்த எந்தப் பொறியாளரும் ஏறக்குறைய அங்கேதான் விரலை வைத்திருப்பார். 1852ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் பாதை அமைக்கும் உரிமையை அரசிடம் வைக்காமல் மாநிலங்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் விட்டுவிட்டது. ஆனாலும் அடுத்த ஆண்டு பாசலில் தொடங்கப்பட்ட மத்திய ரயில்வே நிறுவனம் ஓல்டனையே தன் சந்திப்பாக வைத்துக்கொண்டது. 1856 ஜூனில் முதல் ரயில்கள் ஓடின. அந்த நிறுவனத்தின் பாதைகள் அளக்கப்பட்ட தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் சுழிய எண் பொறித்த கல் ஒன்று நிலையத்தின் 12ஆம் தடத்தருகே இன்றும் நிற்கிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் சற்று ஏமாறுவார்கள் என்று எச்சரிப்பது என் கடமை; எல்லைக்கல் அளவுக்குக்கூடக் கம்பீரம் இல்லாத கல் அது. தலைநகரான சோலோத்தூர்ன் முதன்மைப் பாதையிலிருந்து விலகிப்போனதையும், 1653இல் உரிமை பறிக்கப்பட்ட ஊர் நாட்டின் அச்சாக மாறியதையும் நினைத்தால்தான் அந்தக் கல்லுக்குக் கனம் ஏறுகிறது.

பாசலுக்கும் ஓல்டனுக்கும் இடையே யூரா மலை நிற்கிறது. அதைத் துளைக்கும் வேலையைத்தான் இந்தப் பகுதியின் உண்மையான தொடக்கம் என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் இங்கே பின்னால் வந்த பலவும் அந்தத் துளையிலிருந்து பிறந்தவை. ஹௌவென்ஸ்டைன் குகைப்பாதை என்று அழைக்கப்படும் அதன் நீளம் 2,495 மீட்டர். இன்றைய அளவுக்கு அது பெரிதல்ல, 1850களில் அது சுவிட்சர்லாந்தின் துணிச்சலான வேலை. ஒப்பந்தத்தை எடுத்தவர் பல நாடுகளில் ரயில் பாதை அமைத்த ஆங்கிலேய ஒப்பந்தக்காரர் தாமஸ் பிராசி. இரு முனைகளிலிருந்தும் தோண்டியதோடு, மலையின் மேலிருந்து செங்குத்தான கிணறுகளை இறக்கி அங்கிருந்தும் தோண்டினார்கள். அத்தகைய கிணறு ஒன்றின் அடியில், கருவிகளைச் செப்பனிடுவதற்காக ஒரு கொல்லுலை வைக்கப்பட்டிருந்தது. கிணற்றின் உட்சுவரைத் தாங்கி நின்றதோ மரச் சட்டங்கள்.

1857 மே 28ஆம் நாள் அந்த மரச் சட்டங்களில் தீப்பிடித்தது. எரிந்த சட்டங்களோடு மண்ணும் பாறையும் சரிந்து குகைப்பாதையை அடைத்துக்கொண்டதால், உள்ளே வேலை செய்துகொண்டிருந்த 52 பேர் வெளியேற வழியின்றிச் சிக்கினர். வெளியிலிருந்தவர்கள் உடனே மீட்கப் புறப்பட்டார்கள்; ஆனால் அடைப்புக்கு முன்னால் தேங்கி நின்ற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கி விழுந்தவர்களை இழுத்துவரப் போனவர்களும் மயங்கினார்கள். மீட்கச் சென்றவர்களில் 11 பேர் இறந்தார்கள். அடைப்பை அகற்றி உள்ளே செல்ல ஒரு வாரம் பிடித்தது. சிக்கியிருந்த எவரும் உயிரோடு இல்லை. மொத்தம் 63 பேர். உள்ளூர் ஆட்களும் அயல்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், 1858 மே 1ஆம் நாள் அந்தப் பாதையில் ரயில் போக்குவரத்து தொடங்கியது. உலையை அங்கே வைக்க முடிவு செய்தவர் யார், காற்று வழிக்கு மாற்று ஏற்பாடு ஏன் இல்லை என்ற கேள்விகள் அந்தத் தொடக்க விழாவின் இசைக்கு நடுவே எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று யோசிக்காமல் அந்த ஆண்டுகளின் தேதிகளை என்னால் வரிசைப்படுத்திப் படிக்க முடிவதில்லை.

பழைய குகைப்பாதைக்கு ஏறிச் செல்லும் தடம் செங்குத்தானது. ஆயிரம் மீட்டருக்கு 26 மீட்டர் என்ற அளவில் அது உயர்ந்தது. ஈரமான நாட்களில் எஞ்சின்களின் சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கி, சுழன்றும் நகராமல் நின்றன. அதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓல்டனில் அமைந்த மத்திய ரயில்வேயின் தலைமைப் பணிமனையை நடத்திய நிக்லவுஸ் ரிகன்பாக். அல்சாஸ் பகுதியில் 1817இல் பிறந்து, பட்டறைகளில் கை வேலை கற்று மேலே வந்தவர் அவர்; முழுவதும் நாட்டுக்குள் அமைந்த முதல் ரயில் பாதையான சூரிச்-பாடன் தடத்தில் 1847இல் ஓடிய எஞ்சினை உருவாக்கிய பட்டறையிலும் பணியாற்றியிருந்தார். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வை மட்டும் நம்பி மலை ஏற முடியாது என்று உணர்ந்து, இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஏணிபோன்ற பற்சட்டம் ஒன்றைப் பதித்து, எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும் முறையை அவர் வகுத்தார். 1863இல் பிரான்சில் அதற்குக் காப்புரிமை பெற்றார். சொந்த நாட்டில் பல ஆண்டுகள் அது கேலிக்குரியதாகவே இருந்தது. இறுதியில் 1871 மே 21ஆம் நாள், தம் 54ஆவது பிறந்தநாளன்று, லூசெர்ன் ஏரிக்கரையிலிருந்து ரிகி மலைக்கு ஐரோப்பாவின் முதல் பற்சட்ட மலை ரயிலை அவர் ஓட்டிக் காட்டினார்.

இங்கிருந்து ஒரு தடம் தமிழ்நாட்டுக்குப் போகிறது. அது பலர் அறியாதது என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் அமைக்கும் பேச்சு நெடுநாள் இழுபட்டுக்கொண்டிருந்தபோது, 1882இல் அரசின் அழைப்பின் பேரில் நீலகிரிக்கு வந்து பார்த்து, பற்சட்டப் பாதைக்குச் செலவு மதிப்பீடு எழுதிக் கொடுத்தவர் இதே ரிகன்பாக். அந்தத் திட்டம் பணம் திரளாமல் நின்றுபோனது. பிற்பாடு பாதை அமைந்தபோது, ரிகன்பாக்கின் ஏணி வடிவச் சட்டத்துக்குப் பதிலாக, பல் வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி அமைந்த ஆப்ட் முறையைத் தேர்ந்தார்கள். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் சட்டத்தைக் கவ்விக்கொண்டிருப்பதால் அது அதிர்வு குறைந்தது, உறுதியும் மிகுந்தது. அந்த முறையை உருவாக்கிய ரோமன் ஆப்ட், இளமையில் ஓல்டன் பணிமனையில் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்தவர். கல்லாறு முதல் குன்னூர் வரை இன்றும் ரயிலை ஏற்றிச் செல்லும் பற்சட்டத்தின் மூலம், ஆக, ஆசானிடமிருந்து மாணவரிடம் ஓல்டனில் கைமாறிய ஒரு சிந்தனை. குன்னூர் வரையிலான பாதை திறக்கப்பட்டது 1899 ஜூனில். ரிகன்பாக் ஓல்டனில் காலமானது அடுத்த மாதம். அவருக்கு அந்தச் செய்தி எட்டியிருந்ததா என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

பணிமனை இன்றும் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேயின் தொழிற்கூடமாக இயங்குகிறது. எஞ்சின் ஓட்டுநர், கொல்லர், தடம் பராமரிப்பவர், அஞ்சல் பிரிப்பவர் என்று மாதச் சம்பளம் வாங்கும் உழைப்பாளிகள் வலக்கரையில் குடியேறினார்கள். கடைக்காரரும் வழக்கறிஞரும் இடக்கரையில் இருந்தார்கள். ஊரின் அரசியல் நீண்ட காலம் இந்த இரு கரைகளின் அரசியலாகவே நடந்தது. ஆனால் ஓல்டனுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் இரு கரையையும் சேராத மூன்றாம் தரப்பினர்: காலையில் வந்து, பேசி முடித்து, மாலையில் திரும்பிப் போனவர்கள். பாசல், பேர்ன், சூரிச், லூசெர்ன் என்ற நான்கு நகரங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரக்கூடிய இடம் இது ஒன்றே. ஒருவருடைய ஊருக்கு மற்றவர் போக வேண்டியிருந்தால், யார் யாரைத் தேடிப் போவது என்ற கேள்வி உடனே எழும். மாநிலப் பெருமை மிகுந்த இந்த நாட்டில் அது சின்னக் கேள்வி அல்ல. ஓல்டனுக்குப் போவதில் எவருக்கும் மரியாதைக் குறைவில்லை, ஏனென்றால் ஓல்டனிடம் தோற்றுப்போவதாக யாரும் நினைக்கவில்லை.

1863 ஏப்ரல் 19ஆம் நாள் நிலைய உணவகத்தில் கூடிய 35 பேர் சுவிஸ் ஆல்ப்ஸ் மலையேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். மலைச் சிகரம் ஒன்றும் இல்லாத ஊரில், மூடுபனிக்குப் பெயர்போன சமவெளியில் அது பிறந்தது என்பதில் எனக்கு என்றும் ஒரு புன்னகை உண்டு. 1875இல், போப்பின் சமய போதனை தவறவே தவறாது என்ற தவறாமைக் கோட்பாட்டை ஏற்க மறுத்த கத்தோலிக்கர்கள் தங்கள் முதல் தேசியப் பேரவையை ஓல்டனில் கூட்டி, அடுத்த ஆண்டு இங்கேயே எடுவர்ட் ஹெர்ட்சோக்கைத் தங்கள் முதல் ஆயராகத் தேர்ந்தார்கள். இந்தப் பிரிவுக்கான பொறி இந்த வட்டத்துக்குள்ளேயேதான் விழுந்தது; ஓல்டனை ஒட்டிய ஸ்டார்கிர்க் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை பவுலின் கிஷ்விண்ட், அந்தக் கோட்பாட்டை எதிர்த்ததற்காக 1872இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டபோது, ஊர் அவர் பக்கம் நின்றது. ஓல்டனின் நகரத் தேவாலயம் இன்றும் அந்தப் பிரிவினரிடமே இருக்கிறது. ரோமன் கத்தோலிக்கர்கள் தங்களுக்குப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். 1894இல், நீண்ட காலம் நாட்டை ஆண்ட சுதந்திர ஜனநாயகக் கட்சி முறைப்படி உருவானதும் ஓல்டனில். 1971இல், பழைய எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய அமைப்பு ஓல்டன் குழு என்றே பெயர் பெற்று, 2002 வரை இயங்கியது.

இவை எல்லாவற்றையும் விட என் மனதில் நிற்பது 1918. முதல் உலகப் போரில் சுவிட்சர்லாந்து கலந்துகொள்ளவில்லை. ஆனால் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, எல்லைக் காவலுக்கு அழைக்கப்பட்ட உழைப்பாளிகளின் வீடுகளுக்கு ஊதிய ஈடு இல்லை. பிப்ரவரி மாதம் ஓல்டனில் கூடிய தொழிற்சங்கத் தலைவர்களும் சமூக ஜனநாயகவாதிகளும் ராபர்ட் கிரிம் தலைமையில் ஒரு செயற்குழுவை அமைத்தார்கள். அது ஓல்டன் செயற்குழு என்று வரலாற்றில் நிலைத்துவிட்டது. நவம்பர் 12ஆம் நாள் அந்தக் குழு அழைத்த பொது வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் பேர் பங்குகொண்டார்கள், ரயில்கள் நின்றன. அரசு ராணுவத்தை இறக்கியது. மூன்றாம் நாள் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. அதே நாளில் இதே மாநிலத்தின் மேற்கு முனையில் உள்ள கிரென்ஷன் ஊரில் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கிரிம்முக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

குழு முன்வைத்த ஒன்பது கோரிக்கைகளைப் பின்னாளின் நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 48 மணிநேர வேலை வாரம் ஓராண்டுக்குள் வந்துவிட்டது. விகிதாசாரத் தேர்தலும் 1919இல் நடைமுறைக்கு வந்தது. முதியோர் காப்பீடு 1948இல் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கூட்டாட்சி அளவில் 1971இல்தான் கிடைத்தது, அதாவது கேட்டவர்களில் பலர் மண்ணுக்குள் போன பிறகு. சுவிஸ் ஓய்வூதியக் கடிதம் தபாலில் வரும் வீடுகளில் எத்தனை பேருக்கு அதன் முதல் வரி ஓல்டனில் எழுதப்பட்டது என்று தெரியும் என எனக்குத் தோன்றுவதுண்டு. வேலைநிறுத்தத்தைத் தோல்வி என்று எழுதும் நூல்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அதே நேரம், ரயில்வே ஊழியர்கள் நிறைந்த ஊர் என்பதால்தான் ஓல்டன் அந்தப் பெயருக்கு வந்தது என்று சொல்பவர்களோடும் முழுதாக உடன்பட மாட்டேன். மலையேறுபவர்களையும் தாராளவாதிகளையும் இங்கே கொண்டுவந்த அதே கால அட்டவணைதான் கிரிம்மையும் கொண்டுவந்தது.

வட்டத்தின் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், ஓல்டனைச் சுற்றி வெறும் வயல் இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். கிழக்கே ஷோனன்வெர்ட் பல தலைமுறைகளுக்குக் காலணி ஊர். கார்ல் ஃபிரான்ஸ் பாலி 1851இல் அங்கே தொடங்கிய தொழில், உலகெங்கும் பாலி காலணி என்று அறியப்பட்டது. சுற்றுவட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் தொழிலாளர்களும் உலாவக்கூடிய பெரிய பூங்கா ஒன்றை அந்தக் குடும்பம் அமைத்து, குளத்தின் நடுவே பண்டைக்காலத் தூண் வீடுகளின் மாதிரிகளையும் கட்டி வைத்தது. முதலாளியின் பெருந்தன்மை என்று அதைப் பாராட்டுவோரும் உண்டு, வேலையாளின் ஓய்வு நேரத்தையும் தன் வேலிக்குள் வைத்துக்கொள்ளும் தந்திரம் என்று சொல்வோரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து பார்த்தால் இரண்டும் உண்மை என்றே படுகிறது. காலணி உற்பத்தி 20ஆம் நூற்றாண்டோடு ஷோனன்வெர்டை விட்டுப் போய்விட்டது. பூங்கா இருக்கிறது.

டெனிகன் ஊரின் நிலத்தில், 150 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரத்தோடு ஓர் அணுமின் நிலையம் 1979 முதல் இயங்குகிறது. அதன் பெயர் கோஸ்கன் அணுமின் நிலையம். நிற்பதோ ஓல்டன் வட்டத்தில். பெயரோ அண்டை வட்டத்துக்கு. 1977இல் அதன் கட்டுமானத்தை எதிர்த்து வழிமறிக்க வந்தவர்களைக் காவல்துறை கலைத்தது. குளிர்காலத்தில் சமவெளி முழுவதும் மூடுபனிக்குள் மூழ்கியிருக்கும்போது யூரா மலைமேல் ஏறினால், வெண்படலத்தைத் துளைத்துக்கொண்டு எழும் அந்தக் கோபுரத்தின் நீராவியை வைத்தே கீழே எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கணிக்கலாம். கிரெட்சன்பாக்குக்கும் வெஷ்னவுக்கும் இடையிலான நிலத்துக்கு அடியில் 2020இல் எப்பன்பெர்க் குகைப்பாதை திறக்கப்பட்டு, ஓல்டனுக்கும் கிழக்கே உள்ள ஆரா நகரத்துக்கும் இடையே ரயில் தடங்கள் நான்காகின. அதைத் தோண்டியதால் அங்கே வசிப்பவர்களுக்குக் கிடைத்த புதிய ரயில் நிலையம் எதுவும் இல்லை.

மேற்கே வாங்கன். 2009 ஜனவரியில் அங்கே துருக்கியப் பண்பாட்டுச் சங்கம் ஒன்றின் கட்டடத்தின் மேல் ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு சிறு மினார் எழுப்பப்பட்டது. அண்டை வீட்டார் முதல் ஊராட்சி வரை எதிர்த்ததால், வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்று அனுமதி உறுதியான பிறகே அது எழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் 57.5 விழுக்காட்டினர் புதிய மினார்களுக்குத் தடை விதிக்க வாக்களித்தார்கள். ஊராட்சிக் கட்டட அனுமதி என்ற அளவில் தொடங்கிய ஒரு விவகாரம் கூட்டாட்சி அரசியல் சட்டத்தின் ஒரு வரியாக முடிந்தது. வாங்கனின் மினார் தடைக்கு முந்தையது என்பதால் இன்னும் நிற்கிறது. ஓல்டன் நகரத்தை ஒட்டியிருந்தும் கோஸ்கன் வட்டத்தில் சேர்ந்த டிரிம்பாக்கில் ஈழத் தமிழர்களின் மனோன்மணி அம்பாள் ஆலயம் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வருபவர்கள் இறங்குவது ஓல்டன் நிலையத்தில்தான். கழகங்களையும் கட்சிகளையும் இங்கே கூட வைத்த அதே வசதி அம்பாளுக்கும் பொருந்தியது.

ரயில் சந்திப்பு ஊரைச் செல்வம் கொழிக்க வைத்தது என்று நினைக்க வேண்டாம். நகரத்தின் வரிப் பணத்தில் பெரும் பங்கு நீண்ட காலம் ஒரு மின்சார நிறுவனத்திடமிருந்து வந்தது. 1894இல் ஓல்டன்-ஆர்பர்க் மின் நிறுவனமாகத் தொடங்கி, ஆட்டெல் என்று வளர்ந்து, 2009இல் இணைப்பின் வழியே ஆல்பிக் ஆன அந்த நிறுவனத்தின் இலாபம், ஐரோப்பாவில் மின் விலை விழுந்தபோது மறைந்தது; 2010களின் முதல் பாதியில் நகர நிர்வாகம் செலவுகளைக் கடுமையாக வெட்ட வேண்டியதாயிற்று. நான்கு திசைக்கும் ஏறத்தாழ அரை மணிப் பயணம் என்பது இரு பக்கமும் வெட்டும். காலையில் ஆயிரக்கணக்கானோர் சூரிச்சுக்கும் பேர்னுக்கும் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் உறங்குவதற்குத் திரும்புகிறார்கள். அவர்களுடைய நிறுவனங்களின் வரி அந்தந்த நகரங்களில் தங்கிவிடுகிறது. 2004 டிசம்பரில் ரோத்ரிஸ்ட்டிலிருந்து பேர்ன் பக்கம் செல்லும் அதிவேகப் பாதை திறந்தபின், சூரிச்சுக்கும் பேர்னுக்கும் இடையிலான விரைவு ரயில்களில் பல ஓல்டன் நிலையத்தின் ஊடாக நிற்காமலே போகின்றன.

ஹௌவென்ஸ்டைனின் பழைய பாதைக்கு வருகிறேன். 1916 ஜனவரியில் 8,134 மீட்டர் நீள அடிவாரக் குகைப்பாதை திறக்கப்பட்டதும், விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் அங்கே மாறிவிட்டன. 63 உயிர்களைப் பலிகொண்ட மேற்பாதை கிளைத் தடமாகத் தாழ்ந்து, ஓல்டனிலிருந்து டிரிம்பாக், லோய்ஃபெல்ஃபிங்கன் வழியே சிஸ்ஸாக் வரை செல்லும் சிறு ரயிலோடு பிழைத்துக்கிடந்தது. அதில் ஆள் குறைவு என்று சொல்லி அதை நிறுத்திப் பேருந்து விடும் யோசனை மீண்டும் மீண்டும் எழுந்தது. அந்த ரயில் ஓல்டனில் தொடங்குகிறது. ஆனால் அதற்கான முடிவு ஓல்டன் வட்டத்திடமும் இல்லை, சோலோத்தூர்னிடமும் இல்லை, பாதையின் பெரும்பகுதியைக் கொண்ட பாசல்-லாண்ட்ஷாஃப்ட் மாநிலத்திடம் இருந்தது. 2017 நவம்பர் 26ஆம் நாள் அந்த மாநில வாக்காளர்கள் பேருந்துத் திட்டத்தை நிராகரித்தார்கள். அந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது; 1858இன் குகைப்பாதை வழியாகவே இன்றும் ஓல்டனிலிருந்து மலையைக் கடக்கலாம்.